பழப்புளி போட்டுத் தேய்ச்ச பித்தளை

என்னைக் கப்பல் வேலையால நிப்பாட்டினது உண்மைதான். கோயில்ல, கடையில, பஸ்சில எண்டு காணுற இடமெல்லாம் சனம் கேக்குது, "என்ன கனகவல்லியக்கா, வெள்ளைக்காரன்ர கப்பலை உடைச்சுப்போட்டியளாம்?" எண்டு. நான் என்ன குண்டே போட்டனான்? ஜேர்மன்காரனே குண்டு போட்டு உடைக்க ஏலாமல் போன கப்பல் அது. நான் தேய்ச்சனான். அவ்வளவுதான். இனி ஆர் கேட்டாலும் இதைத்தான் சொல்லப்போறன், ஒருக்கா வடிவாக் கேளுங்கோ.

தேம்ஸ் ஆத்தில ஒரு பழைய போர்க்கப்பலைக் கட்டி வைச்சிருக்கிறாங்கள், சனம் ரிக்கற் எடுத்து ஏறிப் பாக்கிறதுக்கு. அதைத் துப்பரவு செய்யிற வேலையை ஒரு ஏஜென்சி எடுத்தது. அந்த ஏஜென்சியிலதான் நான். மனோர் பார்க்கில இருபத்தஞ்சாம் நம்பர் பஸ் பிடிச்சு, காலமை ஆறு மணிக்குக் கப்பல்ல ஏறினா, பத்து மணிக்குச் சனம் வாறதுக்கு முன்னம் எல்லாம் முடிச்சிருக்கோணும். ஜேர்மனியில பதினாலு வருசம் ஆஸ்பத்திரி கழுவினனான். இஞ்ச வந்தும் ஆறு வருசமா ஒபிஸ், பள்ளிக்கூடம் எண்டு கழுவாத இடமில்லை. ஆனா உப்பிடி ஒரு இடத்தை நான் சீவியத்தில கண்டதில்லை.

வெளியில நிண்டு பாத்தா மலை மாதிரி நிக்கும். உள்ளுக்குப் போனா மனிசருக்கெண்டு ஒரு இடமும் விடேல்லை. எல்லாம் குழாய், வயர், வால்வு. மிஞ்சின இடுக்குக்குள்ள நூற்றுக்கணக்கில பெடியளைப் போட்டு அடைச்சு, ஒருத்தனுக்கு மேல ஒருத்தன் தொங்கிக்கொண்டு படுத்தவங்களாம். ஒவ்வொரு வாசல்லயும் முழங்கால் உயரத்துக்கு ஒரு இரும்புப் படி. காலைத் தூக்கினா தலை அடிபடும், தலையைக் குனிஞ்சா முழங்கால் அடிபடும்.

எல்லாத்திலயும் பெரிய ஆக்கினை பொயிலர் றூம். சனம் மேல கம்பித் தட்டில நிண்டு எட்டிப் பாத்திட்டுப் போகும். கீழ இறங்கிறது நாங்கள் மட்டும்தான். நட்டுக்கு நிக்கிற இரும்பு ஏணி மூண்டு. ரெண்டாவது ஏணியின்ர தலைப்பில ஒரு வட்ட ஓட்டை, தடிச்ச இரும்பு மூடி போட்டது. முதல் ரெண்டு காலையும் விட்டு, ஒரு கையை மேல தூக்கி, தோளைச் சரிச்சுத்தான் அதுக்குள்ளால இறங்கலாம். வாளியைக் கயித்தில கட்டி இறக்கோணும். கீழ நிண்டு மூச்சு விட்டா அது சுவரில பட்டு உங்கட முகத்துக்கே திரும்பி வரும். நான் கட்டையான மனிசி, மெலிவு. அதால எனக்குப் பெரிசாக் கரைச்சல் இல்லை.

என்னோட வேலை செய்தவள் பியற்றிஸ். மன்னார்ப் பிள்ளை, இப்ப வால்தம்ஸ்டோவில ஒரு அறையில இருக்கிறாள். புருஷன் றெஜினோல்ட் செத்த அடுத்த வருசம், எட்டு வயசுப் பெட்டையைக் கன்னியர் மடத்தில விட்டுட்டு இஞ்ச வந்தவள். இவங்கள் அவளின்ர அகதிக் கேசை எட்டு வருசம் இழுத்தடிச்சு, போன வருசம்தான் விசா குடுத்தவங்கள். அந்தப் பெட்டை ஷெறோனுக்கு வாற நவம்பரில பதினெட்டு. பதினெட்டு முடியிறதுக்கு முன்னம் மனுப் போட்டாத்தான் தாயோட பிள்ளையா இஞ்ச எடுக்கலாம். அதுக்கு நிரந்தர வேலை வேணும், ஆறு மாசச் சம்பளப் பேசிலிப் வேணும், வேலை குடுக்கிறவன்ர கடிதம் வேணும். ஒன்பது வருசமாப் பிள்ளையைத் தொட்டுப் பாக்காத மனிசி அவள். வேலைக்கு வந்தா வாயே திறக்கமாட்டாள். சட்டைப் பையில செபமாலை, கையில மொப், அவ்வளவுதான் பியற்றிஸ்.

எங்களுக்கு மேல சுப்பவைசர் வாமதேவன். எங்கட ஆள்தான், என்னை விடப் பத்து வயசு இளமை. "அக்கா, அக்கா" எண்டு தேன் ஒழுகக் கதைப்பான். ஊரில யுத்தம் உச்சத்தில நிண்ட சித்திரை, வைகாசியில பார்லிமென்றுக்கு முன்னால சனம் கூடி நிண்டதெல்லோ, அங்க மைக்கைப் பிடிச்சு, "எங்களுக்கு நீதி வேணும்" எண்டு தொண்டை கிழியக் கத்தினவன். நானும் கீழ நிண்டு கை தட்டினனான். அதை நினைச்சா இப்பவும் பத்திக்கொண்டு வருது.

ஒவ்வொரு நாளும் அவன்தான் கீழ இறங்கிப் பாத்து, வேலை எழுதிற சீற்றில "செக் பண்ணினது, சரி" எண்டு கையெழுத்து வைக்கோணும். ஒரு நாளும் இறங்கமாட்டான். அந்த வட்ட ஓட்டைக்கு நாலு அடி தள்ளி நிண்டு, "முடிஞ்சுதோ அக்கா?" எண்டு கேப்பான். "ஓம், முடிஞ்சுது" எண்டு நாங்கள் கீழயிருந்து கத்துவம். கையெழுத்து வைச்சிட்டுப் போயிடுவான். சரியான பஞ்சிக்காரன், சோம்பேறி எண்டு நானும் பியற்றிஸும் எங்களுக்குள்ள சிரிக்கிறனாங்கள்.

செப்டெம்பர் மாசம் ஒரு திங்கக்கிழமை வந்து, "நாளைக்கழிச்சு மியூசியத்துப் பெரிய ஆக்கள் வருகினம், எல்லாம் பளபளவெண்டு இருக்கோணும்" எண்டான். போற போக்கில, "கெமிக்கல் மட்டும் பாவிக்கவேண்டாம், தெரியும்தானே" எண்டும் சொன்னான்.

பொயிலர் றூமில ஒரு பெரிய வால்வுக்குப் பின்னால, என்ர ரெண்டு கை அகலத்தில ஒரு பித்தளைத் தகடு இருந்தது. கறுத்து, பிசுக்குப் பிடிச்சு, பித்தளை எண்டே சொல்ல ஏலாது. மேல கம்பித் தட்டில நிண்டு பாத்தாத் தெரியாது, குழாய் மறைக்கும். ஆறு மாசமா அதைக் காணுற நேரமெல்லாம் எனக்குக் கை துறுதுறுக்கும். மனோர் பார்க் முருகன் கோயில்ல வியாழக்கிழமையில குத்துவிளக்கு மினுக்கிறது நான்தான். ஊத்தைப் பித்தளையை அப்பிடியே விட்டுட்டு வர எனக்கு மனம் ஏவாது.

கெமிக்கல் கூடாது, சரி. பழப்புளி கெமிக்கலோ? ரசத்துக்குப் போடுற சாமான். நாங்கள் நாள் முழுக்கத் தின்னுறம், எங்களுக்கு ஏதும் நடந்ததே? செவ்வாய்க்கிழமை வீட்டிலயிருந்து மாஜரின் பெட்டிக்குள்ள பழப்புளியும் உப்பும் பிசைஞ்சு கொண்டு போனன்.

அண்டைக்குச் சீற்றில பொயிலர் றூம் பியற்றிஸுக்குத்தான் போட்டிருந்தது. ஆனா அவளுக்கு முழங்கால் வீங்கிப் போய், ஏணி இறங்க ஏலாது. "நீ மேல் தட்டைப் பார் பிள்ளை, கீழ நான் போறன்" எண்டு சொல்லி மாத்தினனாங்கள். நாங்கள் அப்பிடி எத்தினையோ தரம் மாத்திறது. அரை மணித்தியாலம் குந்தியிருந்து தேய்ச்சன். கறுப்பெல்லாம் கழண்டு, தகடு புதுத் தாலிக்கொடி மாதிரி மின்னிச்சுது. எனக்கு அப்பிடியொரு சந்தோசம்.

புதனும் வியாழனும் எனக்கு லீவு. வியாழக்கிழமை பின்னேரம் பியற்றிஸ் போன் எடுத்தாள். கதைக்க ஏலாமல் விக்கி விக்கி அழுறாள். அவளை வேலையால இடைநிறுத்திக் கடிதம் குடுத்திட்டாங்களாம். கப்பலின்ர ஒரு சரித்திரப் பொருளைப் பழுதாக்கினதாம். செவ்வாய்க்கிழமை விசாரணையாம். சுப்பவைசர் தன்ர கண்ணால கண்டதெண்டும், நிப்பாட்டச் சொல்லியும் அவள் கேக்கேல்லை எண்டும் எழுத்தில குடுத்திருக்கிறாராம்.

"நான் ஒண்டும் செய்யேல்லையே அக்கா. எனக்கு அது எந்தத் தகடெண்டே தெரியாது" எண்டாள்.

அந்த நிமிசமே வாமதேவனுக்குப் போன் அடிச்சன்.

"வாமதேவன், அதைத் தேய்ச்சது நான். பியற்றிஸ் இல்லை."

"அக்கா, அதை வேற ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" எண்டான்.

"ஏன் சொல்லக்கூடாது?"

"அண்டைக்குப் பத்து மணிக்குச் செக் பண்ணினது எண்டு நான் கையெழுத்து வைச்சிட்டன். செக் பண்ணின ஆளுக்கு அந்தத் தகடு ஏன் தெரியேல்லை எண்டு கேட்டாங்கள். கண்டனான், மறிச்சனான் எண்டு சொல்லாமல் நான் வேற என்ன சொல்ல? இப்ப நீங்கள் வந்து மாத்திச் சொன்னா மூண்டு பேருக்கும் வேலை போகும். என்ர மச்சானின்ர கடையில அவவுக்கு ஒரு வேலை எடுத்துக் குடுக்கிறன். கைக்காசா வாங்கலாம்."

கைக்காசாம்! பேசிலிப் இல்லாத கைக்காசைக் கொண்டுபோய் விசா ஒபிசில காட்டிப் பிள்ளையை எடுக்கிறதோ? அவனுக்கு அதைச் சொன்னன். "எனக்கும் மூண்டு பிள்ளையள் இருக்கு அக்கா" எண்டான். அதுக்குமேல அவனோட மரியாதையாக் கதைக்க என்ர வாய் வரேல்லை. போனை வைச்சிட்டன்.

விசாரணைக்குக் கூட வேலை செய்யிற ஒராளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் எண்டு கடிதத்தில இருந்தது. துணையும் நான், அவளுக்கு மொழிபெயர்க்கிறதும் நான். "பியற்றிஸுக்கு நானே மொழிபெயர்க்கிறன்" எண்டு வாமதேவன் ஏஜென்சிக்குச் சொல்லியிருந்தவனாம். குத்தம் சாட்டினவனே மொழிபெயர்க்க வெளிக்கிடுறான், என்ன துணிவு பாருங்கோ. என்ர இங்கிலிஷ் ஜேர்மன் கலந்த இங்கிலிஷ்தான். எண்டாலும் பொய் கலக்காது எண்டு நேரயே சொல்லி மறிச்சன்.

கப்பலுக்குள்ள ஒரு சின்ன அறை. அஞ்சு பேர் இருந்தா முழங்கால் முட்டும். ஏஜென்சிக்காரன் மாட்டின், மியூசியத்துப் பொருளுகளைப் பாக்கிற ஹெலன் எண்ட மனிசி, வாமதேவன், பியற்றிஸ், நான். ஹெலன் முதல்ல ஒரு போட்டோவைக் காட்டினா. பழைய தகடு. கறுப்புக்கு நடுவில மெல்லிசாப் பென்சில் கோடுகள். யுத்த காலத்தில அந்தப் பொயிலர் றூமில நிண்ட ஒரு பெடியன் நாள் குறிச்சு வைச்சதாம். மேல வந்து வெளிச்சம் காணாத ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. நாப்பத்தொரு கோடு. அவன் உயிரோட வீட்டை போனானோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம். அவன் விட்டுட்டுப் போனது அது மட்டும்தானாம்.

அந்த இருட்டுக்குள்ள குந்தியிருந்து அவன் கீறினதை, நான் அதே இடத்தில குந்தியிருந்து அழிச்சுப்போட்டன். சத்தியமாக் கவலைதான். ஆனா கொதியும் வந்தது. அவ்வளவு பெறுமதியெண்டா "தொடாதேங்கோ" எண்டு ஒரு மட்டை எழுதிக் கட்டி விட்டா என்ன குறைஞ்சா போகும்? துடைக்கிறவளுக்கு எது ஊத்தை, எது சரித்திரம் எண்டு ஒருத்தன் சொல்லித் தரவேண்டாமோ?

"அதை அழிச்சது நான்" எண்டு இங்கிலிஷில சொன்னன். "பியற்றிஸ் அண்டைக்கு மேல் தட்டில நிண்டவ. வேலையை மாத்தினது நாங்கள். பழப்புளியும் உப்பும் போட்டு நான்தான் தேய்ச்சனான்."

மாட்டின் தலையை ஒரு பக்கம் சரிச்சு, பள்ளிக்கூடப் பிள்ளையைப் பாக்கிற மாதிரி என்னைப் பாத்துச் சிரிச்சான். "சிநேகிதிக்காக இப்பிடிச் சொல்லுறது உங்கட நல்ல மனசு. ஆனா சீற்றில இவவின்ர பேர் இருக்கு. சுப்பவைசர் கண்ணால கண்டிருக்கிறார்" எண்டான்.

கேட்டியளே! குத்தம் செய்தவள் நேர நிண்டு "நான்தான்" எண்டு சொல்லுறன், அதை நம்புறாங்களில்லை. கடுதாசியை நம்புறாங்கள். பியற்றிஸ் ஒண்டும் விளங்காமல் என்ர முகத்தைப் பாக்கிறாள். வாமதேவன் நிலத்தைப் பாக்கிறான். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிச்சுது.

"சரி" எண்டு எழும்பினன். "இவர் கீழ இறங்கிக் கண்டவர் எண்டா, இப்ப எங்களோட இறங்கட்டும். அவ எந்த வால்வுக்குப் பக்கத்தில குந்தியிருந்தவ, எந்தத் தகட்டைத் தேய்ச்சவ எண்டு தொட்டுக் காட்டட்டும். காட்டினா நான் வாயை மூடிக்கொண்டு வீட்டை போறன்."

மாட்டினுக்கு விருப்பமில்லை. ஹெலன்தான், "அது நியாயம்தான்" எண்டு எழும்பினா. அந்த மனிசிக்கு அதுக்காக நான் கடமைப்பட்டிருக்கிறன்.

முதல் ஏணியில எல்லாரும் இறங்கினம். வாமதேவனும் கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இறங்கினான். ரெண்டாவது ஏணி, அந்த வட்ட ஓட்டை. ஹெலன் இறங்கினா. நான் இறங்கினன். கீழ நிண்டு அண்ணாந்து பாத்து, "வாங்கோ சுப்பவைசர்" எண்டு கூப்பிட்டன். அவன்ர பஞ்சியும் பொய்யும் இண்டைக்கு வெளிச்சத்துக்கு வருது எண்டு எனக்குள்ள ஒரு குதியாட்டம். ஒளிக்கேல்லை, சொல்லுறன்.

ஒரு சப்பாத்து உள்ளுக்கு வந்தது. பிறகு அது நடுங்கிச்சுது. நடுக்கமெண்டா சும்மா நடுக்கமில்லை, ஏணிக் கம்பியில படபடவெண்டு தட்டுப்பட்டது. பிறகு காலை வெளியில இழுத்திட்டான். மேல ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. நான் அவசரமா ஏறிப் போய்ப் பாத்தா, வாமதேவன் இரும்புத் தரையில குந்தியிருந்து, முகமெல்லாம் வேர்த்து ஊத்த, மூச்சுக்கு இழுக்கிறான். பியற்றிஸ் அவன்ர முதுகைத் தடவிவிடுறாள். அவளின்ர குணத்தைப் பாருங்கோ!

"ஏலாதக்கா" எண்டான் தமிழில. "நான் ஒரு நாளும் கீழ இறங்கேல்லை. கொழும்பில என்னைப் பிடிச்சு வைச்சிருந்த இடத்துக்கும் உப்பிடித்தான் மேலால ஒரு மூடி. ஏழு மாசம். இந்த ஓட்டையைக் கண்டாலே எனக்கு மூச்சு நிக்குது. வேலை போயிடும் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

ஐயோ கடவுளே எண்டு வந்தது எனக்கு. அடுத்த நிமிசமே இரட்டிப்பாக் கொதி வந்தது. எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே! "அக்கா, எனக்குக் கீழ இறங்க ஏலாது, எனக்காக நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ" எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நான் ஒவ்வொரு மூலையாப் பாத்து வந்து சொல்லியிருக்கமாட்டனோ? எங்களுக்குள்ள ஆருக்கு அது விளங்காது? எங்களை நம்ப மாட்டானாம், ஆனா எங்கட தலையில பழியைப் போடுவானாம்!

"இவர் என்ன சொல்லுறார்?" எண்டு மாட்டின் என்னைத்தான் கேட்டான். மொழிபெயர்ப்பு நான்தானே.

வாமதேவன் என்ர முகத்தைப் பாத்தான். நான் மாட்டினுக்குச் சொன்னன்: "தான் ஒரு நாளும் கீழ இறங்கேல்லை எண்டு சொல்லுறார். பியற்றிஸை அங்க காணேல்லை எண்டு சொல்லுறார்." அவ்வளவும்தான் சொன்னன். மிச்சம் அவன்ர சீவியம், அதை மாட்டினுக்கு எடுத்துக் குடுக்கிறதுக்கு நான் ஆர்?

"உண்மையோ?" எண்டு மாட்டின் கேக்க, வாமதேவன் தலையை ஆட்டினான்.

"அப்ப தகட்டைத் தேய்ச்சது ஆர்?" எண்டான் அந்த மனிசன். எனக்கு விசர் வந்திட்டுது. "நான்! ஒரு மணித்தியாலத்துக்கு முன்னம் சொன்னனான்! பழப்புளி, உப்பு, பழந்துணி. இன்னும் எத்தினை தரம் சொல்லோணும்?"

பியற்றிஸுக்கு அண்டைக்கே வேலை திரும்பக் கிடைச்சது. ஹெலன் பின்னால நிண்டு நெருக்கி, வேலைக் கடிதத்தையும் எடுத்துக் குடுத்தா. ஒக்ரோபர் ரெண்டாம் கிழமை ஷெறோனின்ர மனுப் போயிட்டுது. எனக்கு வந்தது வேற கடிதம். என்னை நினைச்சா ஹெலனுக்குக் கவலையாம், ஆனா சட்டம் சட்டமாம். வாமதேவனுக்கு எச்சரிக்கை மட்டும். சுகமில்லாமல் வந்ததெண்டு எழுதி, டொக்லண்ட்ஸ் பக்கம் ஒரு ஒபிஸ் கட்டடத்துக்கு மாத்தி விட்டிருக்கிறாங்கள். அங்கயும் சுப்பவைசர்தான். உண்மை சொன்னவள் வீட்டில, பொய் எழுதினவன் வேலையில. இதுதான் இவங்கட நீதி.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் எடுத்தான். "அக்கா, அதை அவங்களுக்குச் சொல்லாமல் விட்டதுக்குப் பெரிய நன்றி" எண்டான்.

"உன்ர நன்றி எனக்கு வேண்டாம்" எண்டன். முதல்தரம் அவனை நீ எண்டு கதைச்சது. "ஒரு கேள்விக்கு மட்டும் மறுமொழி சொல்லு. அண்டைக்கு நீ மேல நிண்டு முடிஞ்சுதோ எண்டு கேக்கேக்க, ஓம் எண்டு சொன்னது என்ர குரல். பியற்றிஸின்ர இல்லை. அது உனக்குத் தெரியுமோ, தெரியாதோ?"

"தெரியும்."

"தேய்ச்சது நானெண்டு தெரிஞ்சுகொண்டோ அவளின்ர பேரை எழுதினனீ?"

அவன்ர வீட்டில பிள்ளையள் விளையாடுற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"உங்கட பேரை எழுதியிருந்தா நீங்கள் சண்டை பிடிச்சிருப்பியள், அக்கா" எண்டான். "அவ அழுதிட்டுப் பேசாமல் போயிடுவா எண்டு நினைச்சனான்."